வாசகர் கேள்விகள்: அயர்லாந்தில் காய்ச்சிய பெல்ஜிய பீர்

கேள்வி: டப்ளினில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது, அங்குள்ள ஒரு சிறு பீர் ஆலை பெல்ஜிய முறையில் தயாரித்த மூன்று 330 மில்லி பாட்டில்களைச் சுங்க விதிகளுக்கு உட்பட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று விட்பீர் என்னும் கோதுமை பீர், மற்றவை டுபெல் என்னும் செம்பழுப்பு பீர், டிரிபெல் என்னும் பொன்னிற பீர். அயர்லாந்தில் காய்ச்சியதைப் பெல்ஜிய வகை என்பது சரிதானா? எப்படிக் குடித்தால் இவற்றின் வேறுபாடு விளங்கும்?
வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சரிதான். பெல்ஜிய பீரின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்நாட்டு மண்ணோ தண்ணீரோ அல்ல, அதன் ஈஸ்ட். நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் லாகர் பீர் ஏறத்தாழ 10 டிகிரி குளிரில் மெதுவாக நொதிப்பதால், ஈஸ்ட் தன் மணத்தை அதிகம் காட்டுவதில்லை. பெல்ஜிய ஈஸ்ட் 20 டிகிரிக்கு மேல், சில ஆலைகளில் 25 டிகிரியையும் தாண்டி வேலை செய்கிறது. அந்த வெப்பத்தில் வாழைப்பழம், கிராம்பு, மிளகு போன்ற மணங்களை அதுவே உண்டாக்குகிறது. ஆலையில் யாரும் கிராம்பைச் சேர்ப்பதில்லை. லாகரில் இதே கிராம்பு மணம் எழுந்தால் பீர் கெட்டுவிட்டது என்பார்கள். டிரிபெல்லில் அது இல்லாவிட்டால்தான் குறை. 1883ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஈஸ்டைத் தனித்த ஒரே வகையாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். அதன் பயனாக இன்று அயர்லாந்தின் ஒரு சிற்றூர் ஆலையும் பெல்ஜிய ஈஸ்டை வரவழைத்து, தன் நாட்டுப் பார்லியை முளைகட்டி உலர்த்திய மால்ட்டில் அதை வளர்க்க முடிகிறது. ஸ்டவுட் என்னும் கறுப்பு பீருக்குப் பேர்போன அந்த நாட்டில், 2005ஆம் ஆண்டு முதல் சிறு ஆலைகளுக்குக் கலால் வரிச் சலுகை கிடைத்து வருவதும் இத்தகைய முயற்சிகளுக்குத் துணை நிற்கிறது. ஒன்று மட்டும் செல்லாது: டிராப்பிஸ்ட் என்ற பெயரை அவர்கள் போட்டுக்கொள்ள முடியாது. அது டிராப்பிஸ்ட் என்னும் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்து வளாகத்துக்குள், அவர்களுடைய மேற்பார்வையில் தயாராகும் பீருக்கே உரியது.

சுவைக்கும்போது விட்பீர், டுபெல், டிரிபெல் என்ற வரிசையில் போங்கள். பொதுவாக முதலாவதில் 5, அடுத்ததில் 7, கடைசியில் 9 விழுக்காடு அளவில் ஆல்கஹால் இருக்கும். வலுவானதை முதலில் குடித்த நாக்குக்கு மென்மையானது தண்ணீராகத் தோன்றும். பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், நிறம் தெரியாது. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் பாதி வரை ஊற்றி, நுரை அடங்குவதற்கு முன்பே முகர்ந்து பாருங்கள். விட்பீரைக் குளிர்ச்சியாகவே குடிக்கலாம். மற்ற இரண்டையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, நம் மாவட்டத்து வெக்கையில் ஒரு பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். உறையும் குளிரில் இவற்றின் மணம் எழவே எழாது. நல்ல டுபெல்லைப் பனிக்கட்டிபோல் குளிர வைத்துக் குடிப்பது அதைக் காய்ச்சியவருக்குச் செய்யும் அநியாயம்.

டுபெல்லின் செம்பழுப்பு நிறத்துக்கு முக்கியக் காரணம், காய்ச்சும்போது சேர்க்கும் கருஞ்சர்க்கரைப் பாகு. பாலக்கோட்டுப் பக்கம் வெல்லக் கொப்பரையின் அருகே நின்றவர்களுக்கு அந்த மணம் உடனே பிடிபடும். அதற்குப் பின்னால் உலர்திராட்சையும் பேரீச்சையும் வரும். ஆனால் விழுங்கிய பிறகு தித்திப்பு நாவில் தங்கக் கூடாது. டிரிபெல்லில்தான் ஆலையின் திறமையை அளக்க வேண்டும் என்பது என் கருத்து. இன்று நாம் அறிந்த டிரிபெல்லுக்கு வழிகாட்டியது, பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே என்னும் டிராப்பிஸ்ட் மடம் 1934இல் வெளியிட்ட பொன்னிற பீர். காய்ச்சும்போது சேர்க்கும் வெளிர்நிறச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடுவதால், ஆல்கஹால் ஏறியும் வாயில் கனக்காமல், வறண்ட முடிவோடு அது நிற்கிறது. கருமையான மால்ட்டின் சுவை இல்லாததால் எந்தக் குறையையும் அதில் மறைக்க இயலாது. ஆல்கஹால் தொண்டையைச் சுட்டால், நொதித்தலின்போது வெப்பம் கைமீறியிருக்கலாம். குடித்த பின் இனித்தால், ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை.

9 விழுக்காடு என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள். அந்த 330 மில்லியில் இருக்கும் ஆல்கஹால் ஏறத்தாழ 30 மில்லி. 5 விழுக்காடு உள்ள 650 மில்லி பாட்டில் முழுவதையும் குடித்தாற்போல்தான். ஆகவே மூன்றையும் ஒரே மாலையில் ஒருவரே முடிக்க வேண்டாம். மைத்துனரோடு பகிர்ந்துகொள்வதே நல்லது.

கேள்வி: பெங்களூரில் பீரைத் தாங்களே காய்ச்சிப் பரிமாறும் மதுக்கூடங்களில் 'பெல்ஜியன் விட்' கிடைக்கிறது. அதில் கொத்தமல்லி சேர்ப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? நல்லதை எப்படி இனங்காண்பது?
வாசகர், ஓசூர்

பதில்: உண்மை. நம் சமையலறையில் இருக்கும் கொத்தமல்லி விதைதான். முளைகட்டாத கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சி, கொதி முடியும் தறுவாயில் இடித்த கொத்தமல்லி விதையையும் உலர்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோலையும் போடுவது மரபு. பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்னும் ஊரில் இவ்வகை பீரைக் காய்ச்சிய கடைசி ஆலையும் 1957இல் மூடப்பட்டது. அவ்வூர்ப் பால் வியாபாரி பியர் செலிஸ் 1966இல் அதை மீண்டும் காய்ச்சத் தொடங்கியதால்தான் இன்று உலகெங்கும் கிடைக்கிறது. ஒரு மனிதரின் பிடிவாதம் ஒரு பீர் வகையையே மீட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நல்ல விட்பீர் வெளிறிய மஞ்சளாய், லேசாகக் கலங்கி இருக்கும். கொத்தமல்லி அடியில் ஒலிக்க வேண்டுமே தவிர, முன்னால் வந்து நிற்கக் கூடாது. எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து தந்தால், முதலில் அதை எடுத்து வைத்துவிட்டுச் சுவைத்துப் பாருங்கள். ஓசூர் திரும்பும் வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். பாட்டில் எதையும் ஜூஜூவாடி எல்லையைக் கடந்து கொண்டுவர முயல வேண்டாம். சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: பெல்ஜிய வகை பீர் பாட்டிலின் அடியில் மண்போலப் படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?
வாசகர், அரூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. பாட்டிலில் அடைக்கும்போது சிறிது சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்து, உள்ளேயே மறுபடி நொதிக்க விடுவார்கள். நுரைக்கும் வாயு அப்படித்தான் பிறக்கிறது, அடியில் படிவது அந்த ஈஸ்ட். பாட்டிலை நிமிர்த்தியே வைத்து, அசைக்காமல் ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடலாம். விட்பீருக்கு மட்டும் அந்த அடிவண்டலையும் கலக்கி ஊற்றுவது வழக்கம். புளித்த வாடையோ நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். தருமபுரிக் கோடையில் ஓட்டு வீட்டுப் பரணிலோ வெயில் படும் அலமாரியிலோ கிடந்த பாட்டிலுக்கு அந்த வாடை சீக்கிரமே வந்துவிடும். ஆகவே வாங்கிய நாள் முதல் அதை இருட்டிலும் குளிர்ச்சியிலும் வையுங்கள்.