கூடைப்பந்துப் பயிற்சியாளராக – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பாளையங்கோட்டையில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைவி. படிப்பு முடிந்ததும் கல்லூரிப் பயிற்சியாளராக வேண்டும் என்கிறாள். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் கோடிக்கணக்கில் ஊதியம் வாங்குவதை இணையத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ என்று ஐயமாக இருக்கிறது. உறவினர்கள் பி.எட். படிக்க வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் இதற்கு வழி உண்டா?

ஒரு தந்தை, பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஓர் அணியை நடத்திப் பார்த்த பெண்ணின் விருப்பத்தை இணையம் தந்த மயக்கம் என்று நான் நினைக்கவில்லை. வழி உண்டு. ஆனால் நம் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடம் பெரும்பாலும் உடற்கல்வி இயக்குநருக்குத்தான். கூடைப்பந்துக்கென்று தனியாக ஒருவரை அமர்த்தும் கல்லூரிகள் குறைவு, அமர்த்தினாலும் தொகுப்பூதியம்தான். கபடி, வாலிபால், தடகளம், ஆண்டு விளையாட்டு விழா, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அணிகளை அனுப்புவது, அதற்கான பயணப்படிக் கணக்கு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எஞ்சும் மாலைப்பொழுதில்தான் இயக்குநர் கூடைப்பந்து சொல்லித்தர முடியும். உங்கள் மகள் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பி.எட். அவருக்கு உதவாது. வேண்டியது உடற்கல்விக்கான இரண்டாண்டு இளநிலைப் படிப்பான பி.பி.எட்., அதன்பின் அதன் முதுநிலையான எம்.பி.எட். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, இயக்குநர் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடு மதிப்பெண், நெட் அல்லது செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம், உடல்தகுதித் தேர்வு ஆகியவற்றோடு, கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ ஆடியதற்கான சான்றும் வேண்டும். அந்தச் சான்றிதழ்களை அவர் கல்லூரியில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடட்டும். வெளியேறிய பின் பழைய கோப்பைத் தேடித் தர எவருக்கும் நேரம் இருக்காது. பயிற்சியாளர் என்ற பெயருக்கே உரிய படிப்பு, 1961இல் பட்டியாலாவில் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம் நடத்தும் ஓராண்டு டிப்ளமோ. பெண்ணை ஓராண்டு வெளியூருக்கு அனுப்பத் தயங்குவீர்கள்; தயவுசெய்து தயங்காதீர்கள்.

அமெரிக்க ஊதியம் உண்மைதான். அங்கும் பெரிய பெயர்கள் பள்ளி மைதானத்திலிருந்து வந்திருக்கிறார்கள். கல்லூரிக் கூடைப்பந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளரான ஜான் வுடன், தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே அணியையும் பயிற்றுவித்தவர். 1948இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணிக்கு வந்த அவருக்கு முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. 1975இல் ஓய்வு பெற்றபோது பட்டங்கள் பத்து. பருவத்தின் முதல் பயிற்சியில் அவர் கற்றுக்கொடுத்தது, காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு ஷூ நாடாவை ஒழுங்காகக் கட்டுவதை. சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தால் பயிற்சி நின்றுபோகும். வெயிலில் காய்ந்த சிமென்ட் தளத்தில் ஆடும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது.

உங்கள் மகள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது படிப்புத் தகுதிகளைப் பற்றி அல்ல. நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் சொல்லித்தர வருவதில்லை. பந்தைப் பிடித்து நின்று திரும்பும் சிறுமியின், நகரக் கூடாத ஊன்றிய கால் நகர்ந்துவிடுகிறது. விசில் ஊதி நிறுத்தி, பந்தே இல்லாமல் அந்தத் திருப்பத்தை மட்டும் மெதுவாகச் செய்யச் சொல்லி, சரியாக வந்த பிறகே பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். இதை ஒவ்வொரு மாலையும், பிள்ளைகள் மாறிக்கொண்டே இருக்க, முகம் சுளிக்காமல் செய்யும் பொறுமை தன்னிடம் இருக்கிறதா என்பது ஆடுகளத்தில் ஆடும்போது ஒருவருக்குத் தெரியாது. ஆகவே, வரும் கோடை விடுமுறையில் அருகிலுள்ள ஏதேனும் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி, 14 வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு அவருடைய மேற்பார்வையில் ஒரு மாதம் சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். அதன் பிறகும் மகள் இதையே கேட்டால், பி.பி.எட். விண்ணப்பத்தைத் தாமதிக்காமல் வாங்கிவிடுங்கள்.