எதிர்ப்பு சக்தியை ஏற்றினால் புற்றுநோய் குணமாகுமா?

உங்கள் சித்தப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், கஷாயம் கொடுத்து எதிர்ப்பு சக்தியை ஏற்றிவிட்டால் போதும், மருந்தே வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. தயவுசெய்து அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நான் பயாப்சி ஸ்லைடு, அதாவது கட்டியிலிருந்து சோதனைக்கு எடுத்த சதையின் மெல்லிய சீவல், பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சாயம் ஏற்றிய ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பல கட்டிகளில் எதிர்ப்பு செல்கள் கருநீலப் புள்ளிகளாக மொய்த்துக் கிடக்கும். சிலவற்றில் புற்றுசெல்களுக்கு நடுவிலேயே புகுந்திருக்கும். சிலவற்றில் கட்டியின் ஓரத்தில் கூட்டமாக நிற்கும், உள்ளே ஒன்றுகூடப் போயிருக்காது. ஆகவே ஆள் குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை.

இன்னும் சொன்னால், அவற்றில் சில கட்டிக்கே வேலை செய்கின்றன. மேக்ரோஃபேஜ் என்ற செல் சாதாரணமாக செத்த செல்களைத் தின்று சுத்தம் செய்யும், காயம் ஆறும்போது புது ரத்தக்குழாய் வளரவும் உதவும். கட்டிக்குள் போனதும் அதே வேலையைக் கட்டிக்காகச் செய்கிறது, அந்த ரத்தக்குழாய் வழியாகத்தான் கட்டிக்குச் சாப்பாடும் போகிறது, புற்றுசெல்கள் வேறு உறுப்புக்குப் பரவவும் வழி கிடைக்கிறது. அப்புறம் டி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களில், மற்ற எதிர்ப்பு செல்கள் நம் உடம்பையே தாக்காமல் அடக்கி வைக்கிற ஒரு வகை உண்டு. ஜப்பான் விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி 1995ல் அடையாளம் காட்டியவை, 2025ல் நோபல் பரிசு வாங்கித் தந்தவை. பல கட்டிகள் இவற்றையும் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கின்றன.

தாக்க வேண்டிய டி செல்லின் மேல் பிடி-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. புற்றுசெல் பிடி-எல்1 என்ற புரதத்தால் அதை அழுத்திவிட்டால் டி செல் பக்கத்திலேயே நின்றும் சும்மா இருக்கும். எதிர்ப்பு செல்களையே புற்றைத் தாக்க வைக்கும் சிகிச்சைக்கு இம்யூனோதெரபி என்று பெயர், அதன் மருந்துகளில் முக்கியமானவை இந்த அழுத்தத்தைத்தான் எடுத்துவிடுகின்றன. டி செல்லின் பிரேக்குகளை இப்படி எடுத்துவிடும் வழியைக் காட்டியதற்காகத்தான் 2018ல் விஞ்ஞானிகள் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் நோபல் கிடைத்தது. எல்லோருக்கும் இது பலிப்பதில்லை, ஆனால் பலிக்கிறவர்களில் பரவிய புற்றோடு வருஷக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. இதன் மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும்: விடுபட்ட டி செல்கள் குடல், தைராய்டு, நுரையீரல் என்று நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். சிகிச்சையின்போது விடாத பேதியோ புதிதாக மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது, பிடி-எல்1 சோதனை செய்தாயிற்றா, கட்டியில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா என்று புற்றுநோய் டாக்டரிடம் கேட்பது. அந்த மாற்றங்கள் இருந்தால் இம்யூனோதெரபி பெரும்பாலும் அவ்வளவாக உதவாது, அதற்கென்றே தனி மாத்திரைகள் இருக்கின்றன. பயாப்சி எடுத்த சதை மெழுகில் பதித்த பிளாக்காக ஆய்வகத்தில் இருக்கும். அதில் போதுமான சதை மிச்சமிருந்தால் சித்தப்பாவுக்கு மறுபடி ஊசி குத்தாமலே இதையெல்லாம் செய்துவிடலாம்.