பிடிபட்ட முகங்கள்

அன்புள்ள ஐயா,

நான் மொரீஷியஸில், குவாத்ர் போர்னில் இருக்கிறேன். ஓய்வு நாட்களில் நம் முதியவர்களைப் படமெடுக்கிறேன். ஒருவருடைய உள்மனத்தை முகத்தில் பிடித்துவிட வேண்டும் என்பது என் வெறி. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கும் ஒப்பந்தக் கூலிகளின் படங்களைப் பார்த்தேன். அந்தக் கண்களில் என்ன வைராக்கியம்! என் பாட்டியிடம் அது வரவே மாட்டேன் என்கிறது. கேமராவை எடுத்தாலே சிரித்துவிடுகிறார். அந்தப் படங்களையெல்லாம் நேற்று அழித்துவிட்டேன். 85 எம்.எம். லென்ஸ் போதுமா? கறுப்பு வெள்ளைதான் சரியா?

க.

அன்புள்ள க.,

லென்ஸ் போதும். கறுப்பு வெள்ளையோ வண்ணமோ, உங்கள் இஷ்டம். வைராக்கியம் என்று எழுதினீர்களே, அதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் படங்களை எதற்காக எடுத்தார்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? 1867-ல் வந்த சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த கூலி தன் படம் ஒட்டிய சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும். வழியில் போலீஸ்காரர் கேட்டு, சீட்டு இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துக்கொண்டு போவார்கள். படத்துக்கான காசும் கூலியின் தலையில்தான். தாங்காமல் 1871-ல் 9,401 பேர் சேர்ந்து அரசுக்கு மனு கொடுத்தார்கள். அதை எழுத உதவியவர் அடோல்ஃப் டி ப்ளெவிட்ஸ் என்ற தோட்ட நிர்வாகி. மறு வருடம் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷனே வந்தது.

போதாததற்கு அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு. படம் விழச் சில விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். ஒரு சிரிப்பை அத்தனை நேரம் முகத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

அவர்களுக்கு வைராக்கியம் இருந்தது, யார் இல்லையென்றது? அதை அந்த மனுவில் போய்த் தேடுங்கள். சீட்டில் இருப்பது பிடிபட்டவர்களின் முகம். நீங்களும் 'பிடிக்க வேண்டும்' என்றே எழுதுகிறீர்கள். உங்கள் பாட்டி என்ன குற்றம் செய்தார்?

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. காரணம் என் அம்மா.

அடையாள அட்டைக்குப் படமெடுக்க அம்மாவை ரோஸ் ஹில்லில் ஒரு ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஸ்டூடியோக்காரர் விளக்கைத் திருப்பியதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பா ரியே, பா ரியே" என்று அவர் கிரியோலில் அதட்டினார். சிரிக்காதே என்று நானும் தமிழில் அதட்டினேன். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்தப் படத்தில் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், உதடு உள்ளே மடிந்திருக்கும், ரவிக்கையில் ஊக்கு ஒன்று பளபளக்கும். அவள் போனபோது வீட்டில் பெரிதாக்க வேறு படம் கிடைக்கவில்லை. இப்போது மாலைக்குள் இருப்பது அதுதான். "பாட்டி ரொம்பக் கண்டிப்பானவங்களா?" என்று என் பேத்தி கேட்கிறாள். பருப்பில் உப்பு கூடிப்போனால்கூடச் சிரிக்கிறவள் என் அம்மா. அதை அந்தக் குழந்தையிடம் எப்படிக் காட்டுவேன்?

ஒரு முகத்தைப் பார்த்து உள்மனத்தைப் படித்துவிடலாம் என்று நான் நம்பவில்லை, தம்பி. எதிரில் நிற்பவரிடம் அவர் என்ன காட்டச் சம்மதிக்கிறாரோ அதுதான் படத்தில் விழும். போலீஸுக்கு ஒரு முகம், பேரனுக்கு ஒரு முகம். உங்களைப் பார்த்து உங்கள் பாட்டிக்குச் சிரிப்பு வருகிறது. அதை அழித்துவிட்டு எனக்கு லென்ஸ் கணக்கு எழுதுகிறீர்கள்!

சரி, ஒன்று செய்யுங்கள். அந்த மெமரி கார்டை இப்போதே கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எதுவும் பதியாதவரை, அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. கிடைத்தால் ஒரு படத்தை அச்சுப்போட்டுப் பாட்டி கையில் கொடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.