அணை கட்டிய ஆற்றில் அரிய வகை மீன்கள் முட்டையிடுகின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் முட்டையைத் தேடிப் போவதே இல்லை. கலங்கி ஓடும் வெள்ளத்தில் கூழாங்கல் இடுக்கில் கிடப்பதை எங்கே போய்த் தேட? குஞ்சைத்தான் பிடிப்போம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கிரீன் ஆற்றில் இரண்டு வருடம் மே, ஜூன் மாதங்களில் இந்த வேலை பார்த்தேன், அதிலிருந்தே சொல்கிறேன்.

நாங்கள் தேடிய மீனின் பெயர் ரேசர்பேக் சக்கர் (சக்கர் என்றால் உறிஞ்சும் வாய் கொண்ட மீன் வகை). தலைக்குப் பின்னால் முதுகு கத்தி போல எழும்பி நிற்கும், மூன்றடி வரை வளரும், 40 வயதைத் தாண்டியும் வாழும். இந்த ஆயுள்தான் எல்லோரையும் ஏமாற்றியது. கிழட்டு மீன்கள் வருடம் தவறாமல் வந்து முட்டையிடும், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் குஞ்சு ஒன்றுகூடப் பெரிதாகி வராது. 1991-ல் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். (1962-ல் இந்த ஆற்றின் மேல்பகுதியில் கட்டிய ஃப்ளேமிங் கார்ஜ் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்குவதற்கு முன்னால், நீர்த்தேக்கத்தில் டிரவுட் மீன் வளர்க்க வேண்டும் என்று பல நூறு கிலோமீட்டருக்கு ஆற்றில் ரோட்டினோன் விஷத்தைக் கலந்து இந்த மாதிரி ‘உதவாத’ மீன்களைக் கொன்றதும் இதே ஆற்றில்தான். இன்று அதே மீன்களைக் காப்பாற்ற ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள், அதில் நானும் வாங்கினேன்.)

வேலை என்னவென்றால், சாயங்காலம் ஜென்சன் ஊர்ப் பக்கம் ஆற்றோரம் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களில் விளக்குப் பொறி வைக்க வேண்டும். நான்கு இதழ் போல வளைந்த பிளாஸ்டிக் சுவர், நடுவே மெல்லிய இடுக்கு, உள்ளே ஒரு விளக்கு. வெளிச்சத்துக்கு வந்த குஞ்சு இடுக்கு வழியாக நுழைந்துவிடும், திரும்ப வழி தெரியாது. விடியற்காலையில் பொறியைத் தூக்கி வெள்ளைத் தட்டில் கொட்டுவோம். முதல் வாரம் நான் கொசுப்புழு என்று நினைத்து ஒரு தட்டை ஆற்றிலேயே கவிழ்க்கப் போனேன். கூட இருந்தவர் கையைப் பிடித்து நிறுத்தி, “கண்ணைப் பாரு” என்றார். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடி நூல், அதன் முனையில் இரண்டு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான் குஞ்சு. அதுவும் இதே ஆற்றில் இருக்கும் மற்ற சக்கர் வகைகளின் குஞ்சும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்து உடம்பின் தசை மடிப்புகளை எண்ணி, கரும்புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்துப் பிரிக்க வேண்டும், கழுத்து ஒடிந்துவிடும். சந்தேகமானவை கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீன்குஞ்சு ஆய்வகத்துக்குப் போகும். குஞ்சின் காதுக்குள் இருக்கும் பொடிக்கல்லில் நாளுக்கொரு வளையம் விழும், அதை எண்ணினால் பொரித்த தேதியே தெரிந்துவிடும்.

அந்தத் தேதி எதற்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் குஞ்சுகள் ஆற்றோடு அடித்துக்கொண்டு போய், வெள்ளம் ஏறி நிற்கும் கரையோரத் தாழ்நிலங்களில் ஒதுங்கினால்தான் பிழைக்கும்; அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், தீனியும் உண்டு. அணை வந்த பிறகு வெள்ளம் படுத்துவிட்டது. சரி, அணையிலிருந்து கூடுதலாகத் திறப்போம் என்று, கிரீன் ஆற்றில் வந்து சேரும், பெரிய அணைக் கட்டுப்பாடில்லாத யாம்பா ஆற்றில் பனி உருகி வெள்ளம் உச்சத்துக்கு வரும் நாளைப் பார்த்துத் திறந்தார்கள். கணக்கு அழகான கணக்குதான், ஆனால் பல வருடங்களில் அது பந்தி முடிந்த பிறகு விருந்தாளி வந்த கதையாக முடிந்தது. தண்ணீர் ஏறி வடிந்த பிறகுதான் குஞ்சு பொரித்து வந்தது.

2012-லிருந்து முறையைத் திருப்பிப் போட்டார்கள். பொறியில் முதல் ரேசர்பேக் குஞ்சு விழுந்தது உறுதியானதும் அணைக்காரர்களுக்குத் தகவல் போகும், அதன் பிறகுதான் வெள்ளத்தைத் திறப்பார்கள். ஸ்டூவர்ட் ஏரி என்ற தாழ்நிலத்தில் மதகைத் திறந்து குஞ்சோடு தண்ணீரை உள்ளே விடுவார்கள், பெரிய மீன் நுழையாதபடி மதகில் சல்லடை இருக்கும். ஆறு இறங்கும்போது மதகை மூடி, கோடை முழுக்க வளரவிட்டு, பிறகு வடித்து எண்ணுவார்கள்.

ரொம்பக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம், சல்லடையைத் தாண்டி வெளியூர்க் கெண்டைக் குஞ்சும் தாராளமாக உள்ளே வந்துவிடும். ஏரியை வடிக்கும் நாளில் நானும் போயிருந்தேன். வலை வலையாகக் கெண்டைதான், சேற்று நாற்றத்தில் மத்தியானம் வரை பொறுக்கிப் பொறுக்கிக் கொட்டினோம். அப்புறம் விரல் நீளத்துக்கு ஒன்று கையில் வழுக்கியது. முதுகில் இன்னும் கத்தி முளைக்கவில்லை, வாயைப் பார்த்துத்தான் சக்கர் என்று கண்டுபிடித்தேன்.