விலை குறைந்த மேனுவல் லென்ஸை வைத்துக்கொண்டு திருவிழா, கல்யாண வீடியோ எடுக்க முடியுமா? ஆட்டோஃபோகஸ் இல்லையென்றால் மதிப்பார்களா?

தாராளமாக எடுக்கலாம். மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மிரர்லெஸ் கேமராவை வாங்கியதோடு கையிருப்பு தீர்ந்துபோய், லென்ஸுக்கு வழி தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் தொடக்கமும் அதுதான்.

என்னிடம் இருப்பவை இரண்டு. சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ.; மலேசியாவில் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் கிடைத்த பழைய 28 மி.மீ. இரண்டுமே திருகி மாட்டும் எம்42 வகை. இவை சென்சாரிலிருந்து (கேமராவுக்குள் படம் பதியும் தகடு) 45.46 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும்; சோனி கேமராக்களில் லென்ஸ் மாட்டும் இ மவுண்ட்டில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். இடைவெளியை நிரப்பக் கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய் அடாப்டர் போதும். உள்ளே ஆடி வைத்த நிக்கான் டிஎஸ்எல்ஆர் கேமரா என்றால் யோசியுங்கள். அதில் தூரம் 46.5 மி.மீ. என்பதால் தொலைவில் இருப்பது தெளியாது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் புறப்படும். வழியெங்கும் தேங்காய் உடைப்பார்கள். கற்பூரப் புகை, குறுக்கே போகும் தலைகள், தெறிக்கும் சில்லுகள். என்னோடு வந்த நண்பரின் ஆட்டோஃபோகஸ், குறுக்கே போனவர்களை எல்லாம் துரத்தியது. நான் 28 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையைச் சிறிதாக்கி எஃப்/8இல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்தினேன். ஏபிஎஸ்-சி என்னும் நடுத்தர அளவுச் சென்சாரில் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாகவே விழும். பிறகு வளையத்தைத் தொடவேயில்லை. ஓர் இளைஞர் இரு கையாலும் தேங்காயை ஓங்கி அடிக்கிறார். ஓடு பிளந்து, தண்ணீர் விசிறிபோல் எழும்பி, ஒரு சில்லு சாலையில் உருண்டு என் காலருகே நிற்கிறது. கையிலிருந்து சில்லுவரை ஒரே ஷாட், எங்கும் மங்கவில்லை. அதைப் பார்த்த யாரும் என்ன லென்ஸ் என்று கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஹீலியோஸ். அதன் அப்பர்ச்சர் (ஒளித்துளை) வளையம் சொடுக்கில்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்புவதால், பதிவின் நடுவிலேயே வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கலாம். ஃபோகஸ் வளையமும் நீளமாகச் சுற்றும். மருதாணிக் கையிலிருந்து மணப்பெண்ணின் முகத்துக்கு ஃபோகஸ் நகர்வது விரலின் நிதானத்தைப் பொறுத்தது.

உடனே சிலர் சண்டைக்கு வருவார்கள். ஆட்டோஃபோகஸ் வீண் என்று நான் சொல்லவில்லை. தாலி கட்டும் நேரத்தில் என் இரண்டாவது கேமராவில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்தான் இருக்கும். ஓடியாடும் குழந்தைகளுக்கும் அதுவே சரி.

மதிப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோ என்னைக் கூலிக்கு அழைத்தது. என்னென்ன கருவி இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் கேட்டார்கள். விடியற்காலை நலங்கிலிருந்து இரவு விருந்து வரை நிற்க வைத்தார்கள். சம்பளம் மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை. வாடிக்கையாளரிடம் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கேமராக்காரனை அலையவிடுவது நம்மவர்களில் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. முன்பணம் வாங்காமல் கேமராவைத் தூக்காதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்கும்போது டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்ற அமைப்பையும் திறந்துவையுங்கள். அது மூடியிருந்தால் பல கேமராக்களில் ஷட்டர் அசையாது.