கையெழுத்துப் போட்டுவிட்டால் கேட்க முடியாதா?

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அரசு நிர்ணயித்த கூலியைவிடச் சம்பளம் குறைவு. சேரும்போது சம்மதித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனிக் கேட்கலாமா?

தாராளமாக. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே சம்மதம் என்று எழுதிக்கொடுத்த தாள் செல்லாது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில், 1982-இல் உச்ச நீதிமன்றம் இப்படி வேலை வாங்குவதைக் கட்டாய உழைப்பு என்றே சொன்னது. அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு அதற்குத் தடை. 'யாரும் அடித்து மிரட்டவில்லையே' என்பார்கள். பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான் என்றது நீதிமன்றம்.

அதற்காக நாளைக்கே முதலாளி முன் தனியாகப் போய் நிற்காதீர்கள். 'இஷ்டம் இருந்தா இரு' என்பார். ஒரு வாரச் சம்பளம் நின்றால் வீட்டு வாடகை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும்; அவருடைய பலமே அதுதான். முதலில் சம்பளச் சீட்டு, பாஸ்புக் பதிவு, வேலை நேரக் குறிப்பு எல்லாம் சேர்த்து வையுங்கள். அப்புறம் நாலைந்து பேராகத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறேன். உட்காரச் சட்டம் உண்டாமே?

உண்டு. கேரளம் 2018-இல் கொண்டுவந்தது, தமிழ்நாடு 2021-இல். நாற்காலி போட்டால் மட்டும் போதாது, உட்காரவும் விட வேண்டும். சில கடைகளில் நாற்காலி மேல் துணி பண்டல்தான் உட்கார்ந்திருக்கிறது!

கேள்வி: சங்கம் பதிவு செய்ய எத்தனை பேர் தேவை?

குறைந்தது ஏழு பேர். பெரிய இடமென்றால் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், எது குறைவோ அது. பதிவு எதற்கு என்பதற்குப் பின்னால் சென்னைக் கதை ஒன்று உண்டு. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி துணி ஆலை நிர்வாகம் அதன் தலைவர் பி.பி. வாடியா மீது வழக்குப் போட்டு உயர்நீதிமன்றத்தில் தடை வாங்கியது. சங்கம் வைத்தவரையே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்றால் யார் முன்வருவார்கள்? பதிவு செய்த சங்கத்துக்கு இப்படிப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரத்தான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

கேள்வி: அண்ணன் செங்கல் சூளையில் முன்பணம் வாங்கியிருக்கிறார். கடன் தீராமல் ஊருக்கு விடமாட்டோம் என்கிறார்கள்.

அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கலெக்டரிடமோ கோட்டாட்சியரிடமோ உடனே சொல்லுங்கள். அண்ணன் வெளியே வந்ததும் விடுதலைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மறுவாழ்வுப் பணத்துக்கு அதைத்தான் கேட்பார்கள்.