கண்மாய்க் கரையில் கூடுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் பக்கம். ஊர்க் கண்மாயில் பாதிக்கு மேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கோழிக்கடைக் கழிவைக் கொட்டுகிறார்கள். நானும் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை கூட்டம் போட்டோம். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள், புரொஜெக்டர் வைத்துப் படமெல்லாம் காட்டினோம். இரண்டாவது கூட்டத்துக்கு ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் நாங்களே. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் பணம் தருகிறேன் என்கிறார்கள். பேசிப் பிரயோஜனம் இல்லை, ஜேசிபியை இறக்கிவிடலாம் என்று நினைக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ஜேசிபியை இப்போது இறக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் இறக்கினோம். ஆர்வத்தில் ஒரே இடத்தில், கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமாகத் தோண்டிவிட்டோம். மடையின் மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்குப் போகாது என்பது மடை திறக்கிற பெரியவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அவரை நாங்கள் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை. இன்றைக்கும் அந்தக் குழி இருக்கிறது, கோடையில் பிள்ளைகள் குளிக்கப் போனால் ஊரே பதறுகிறது. அப்புறம், கண்மாய் மண்ணை அனுமதி இல்லாமல் அள்ளுவது குற்றம். நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்றால் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. உங்கள் கண்மாய் எது என்று தெரியுமா? தெரியாது என்றால் அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். உங்கள் கூட்டத்தில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள், அவர்கள் கேட்டிருக்கிறார்கள். சீமைக்கருவேலம் கெட்டது, பிளாஸ்டிக் கெட்டது, தண்ணீர் முக்கியம். இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாதா? அந்தத் தண்ணீரில் நாற்று நட்டவர்கள் அவர்கள். தெரிந்ததையே திரையில் காட்டினால் இரண்டாம் முறை யார் வருவார்கள்? சுற்றுச்சூழல் கூட்டம் என்றாலே ‘விழிப்புணர்வு’ என்று ஆகிவிட்டது, எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காமல் போய்விட்டது. ஊரில் ஒவ்வொருவரிடமும் கண்மாயைப் பற்றி ஒரு துண்டு இருக்கிறது. எந்த ஓடை எந்த வருஷம் அடைபட்டது, யார் வயலுக்குள் அது போனது, எந்த மரத்தில் நாரை கூடு கட்டும், கண்மாய் நிரம்பி வழிகிற கலுங்கு கடைசியாக எப்போது மறுகால் பாய்ந்தது. இந்தத் துண்டுகளை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கத்தான் கூடவேண்டும். அதற்கு நீங்கள் கேட்கிறவர்களாகப் போகவேண்டும்.

யாரைக் கேட்பது? மடை திறக்கிற நீர்பாய்ச்சியை, ஆடு மேய்க்கிற கீதாரியை, மீன்பாசிக் குத்தகை எடுத்தவரை, கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரை. இந்தக் கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள். அவருக்கும், விறகுக்குப் போகிற பெண்களுக்கும் அந்த மரம்தான் கஞ்சி. அவர்களை எதிரியாக வைத்துக்கொண்டு நீங்கள் வேரோடு பிடுங்கினாலும் ஒரு மழைக்கு மறுபடி முளைத்து நிற்கும், பிடுங்க ஆள் வராது. எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது, கூடு இருக்கிற மரங்களை எந்த மாதம் வரை தொடாமல் விடுவது, அந்த இடத்தில் என்ன நடுவது என்று அவர்களையும் வைத்துப் பேசினால் அந்த வேலை நிலைத்து நிற்கும். கோழிக்கடைக்காரரையும் கூப்பிடுங்கள், குற்றவாளியாக உட்காரவைப்பதற்கு வேண்டாம். கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஊராட்சி அவருக்கு ஒரு இடமாவது காட்டியிருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது? காலனியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் ஊரில் பாதிப் பேர் வாசலோடு நின்றுவிடுகிற ஊர்கள் நம் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன, இதை மறைத்துக்கொண்டு இயற்கையைப் பற்றிப் பேசுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மடை திறந்தவர்களும் கரை கட்டியவர்களும் பெரும்பாலும் அந்தப் பாதிதான். அதனால்தான் கண்மாய்க் கரையில் கூடுங்கள் என்கிறேன். நாற்காலி போடாதீர்கள், எல்லாரும் தரையில். நூறு நாள் வேலைக்குப் பெண்கள் கரைக்கு வருகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்களை மாலையில் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னால் யார் சோறாக்குவது? கோடையில் உங்கள் பக்கம் ஊத்தாக் கூடையோடு நாலு ஊர் சனம் மீன் பிடிக்க இறங்குமே, அதைவிடப் பெரிய கூட்டம் எதைக் கூட்டிவிட முடியும்? அன்றைக்குக் கரையில் அரை மணி நேரம் கேளுங்கள்.

உங்கள் பக்கத்திலேயே கொள்ளுகுடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் பயந்துவிடக்கூடாது என்று தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. கண்மாய்கள் 1977-இல் சரணாலயம் ஆனது சட்டத்தால். ஆனால் ஒரு குழந்தை கையில் சரவெடி இல்லாமல் தீபாவளியைக் கழிப்பது சட்டத்தால் நடக்கிற காரியமா? ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு வீட்டிலும் பேசிப் பேசித்தான் அது நடக்கிறது. ஒருநாள் அங்கே போய், எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பேசிப் பிரயோஜனம் இல்லை என்கிறீர்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்பிலேயே சுமார் 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று கணக்கு இருக்கிறது. 2024 நவம்பர் 7-ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்ததாக மத்திய அரசு சொன்னது, சுமார் 2,015 ஹெக்டேர், பாரம்பரியத் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள். நவம்பர் 23 கிராம சபையில் மேலூர் வட்டாரத்து ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 சட்டசபைத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. இரண்டரை மாதத்தில் முடிந்த கதை போலத் தெரியும். அதற்கு முன்பே கிரானைட் குவாரிக்கு எதிராக அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் கூடிப் பேசியிருக்கிறார்கள். அதனால்தான் நவம்பரில் எதைச் சொல்வது, எப்படி எழுதுவது என்று யாரும் தேடவேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய முதல் கூட்டங்களிலும் ஒன்பது பேர் இருந்திருக்கலாம்.

கரையில் பேசியதை அப்படியே கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ‘கண்மாயைப் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தால் அது தீர்மானமே இல்லை, யாரும் எதையும் செய்யவேண்டியதில்லை. சர்வே எண், வரத்துக்காலின் பெயர், எங்கிருந்து எதுவரை அடைபட்டிருக்கிறது, யார் அளக்கவேண்டும் என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே நின்று பாருங்கள், நகல் கேளுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உங்கள் ஊராட்சிக்கு ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரில் உள்ள உயிரினங்களை எழுதிவைக்கிற மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்கவேண்டும். ஊராட்சிச் செயலரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கீதாரி சொன்ன நாரை அதில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தைத் திருப்பி அனுப்பவேண்டாம், வைத்திருங்கள். வரத்துக்காலை அளக்கவும் பிறகு மரக்கன்றுகளுக்குக் கூண்டு வைக்கவும் உதவும்.

மூன்றாவது கூட்டத்துக்கு நான் வருகிறேன். பேசுவதற்கு இல்லை, மடை திறக்கிறவர் பேசுவதை எழுதிக்கொள்ள. அவர் பெயரை விசாரித்து, அவருக்குத் தோதான நாளைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா